அம்புக்குறிக்கு வைத்த பொட்டு

“ஆமாடி சோணையம்மா, பொட்டு வச்சு விட்டது நான்தான். எம் மகன் செத்து நாலு வருசம் கழிச்சு, எம் மருமக நெத்தியில, இந்தா இந்தக் கையாலதான் வச்சேன். இப்ப என்னங்கிற?”

தெருக்குழாயடியில் பத்துப் பன்னிரண்டு குடம் வரிசையில் நின்றது. ஒருத்தியும் தண்ணீர் பிடிக்கவில்லை. எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோணையம்மா பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருபது வருசமாக ஒரே சுவர். அவள் வாய் மட்டும் அந்தச் சுவருக்கு அடங்காது.

“வச்சது நீயின்னா வச்சுக்க, தங்கப்பொண்ணு மதினி. அந்த மிசின்காரனோட ஓடிப் போனாளே, அதையும் நீதான் கையப் பிடிச்சு அனுப்பி வச்சியாக்கும்?”

“பிடிக்கிறதுக்கு அவளுக்குக் கை ஏதுடி?” என்றேன்.

இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விடவில்லை.

“ஓடல. நடந்து போனா. காலையில ஏழரை மணிக்கு, தலைவாசல் வழியா, செருப்புப் போட்டு நடந்து போனா. நீ அப்ப வாசல்ல நின்னு பல்லு வெளக்கிக்கிட்டு இருந்த.”

குழாயடியில் சொன்னது அவ்வளவுதான். மீதியை இங்கே சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். சோணையம்மா பேச்சு மதுரையில் பழங்காநத்தம் முழுக்கப் போய்ச் சேரும். என் பேச்சு இந்தத் தாளிலாவது கிடக்கட்டும்.

என் மருமகள் பெயர் தமிழ்வாணி. எழுமலைப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்புப் படித்து, டைப் அடிக்கக் கற்று, கல்யாணமாகி வந்த பிறகும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டைப்பிங் கடைக்கு வேலைக்குப் போனாள். அவள் அடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு என் மகன் சங்கிலி, “வெந்தயம் பொரியிற மாதிரி அடிக்கிறாம்மா” என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்த வருசம் அது. முதல் நாள் மழை. மறுநாள் டிவியில் படம் புள்ளி புள்ளியாக வந்தது. சங்கிலி மொட்டை மாடிக்கு ஏறி ஏரியல் குழாயைத் திருப்பினான். “வாணி, அடியில கொஞ்சம் பிடி” என்று கூப்பிட்டான். அவள் ஏறிப் போய் இரண்டு கையாலும் பிடித்தாள். இரும்புக் குழாய். பக்கத்தில் பெரிய கரண்டுக் கம்பி. குழாய் அதன் மேல் சாய்ந்தது.

நான் கீழே முற்றத்தில் வரமிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் மகன் அங்கேயே முடிந்துபோனான். வாணியை இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வலது கை தோளோடு போயிற்று. இடது கையில் முழங்கைக்கு மேலே ஒரு சாண் மிச்சம். எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார்கள். எடுத்தார்கள்.

சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்களில் யாரோ ஒரு ஆள் சொன்னான்: “காஞ்ச கட்டையால குழாயத் தட்டி விட்டுருந்தா ரெண்டு பேருமே பொழச்சிருப்பாக.” அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அந்த உலக்கை காய்ந்த கட்டைதான். என் கையில்தான் இருந்தது. போட்டுவிட்டு ஓடியவள் நான்.

அதிலிருந்து ரப்பர் செருப்புப் போடாமல் என் வீட்டில் நான் ஒரு சுவிட்சைத் தொட்டதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வாணிக்கு நான்தான் சோறு ஊட்டினேன். நான்தான் தலை சீவினேன். எனக்கு வயது அறுபத்தெட்டோ எழுபதோ. நான் கண்ணை மூடினால் இவள் வாயில் ஒரு கவளம் யார் வைப்பது? அவளுடைய அண்ணன் முத்துக்கருப்பன் எழுமலையிலிருந்து ஒரு தடவை வந்து, “நீங்க இருக்கிற மட்டும் இங்க இருக்கட்டும். பொறவு பாத்துக்கிருவோம்” என்றான். ராத்திரி படுத்தால் அந்தப் ‘பொறவு’தான் காதில் கேட்டது.

நாலு வருசம் கழித்து, ஊனமுற்றோருக்கு உதவுகிற ஒரு டிரஸ்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைக் கொண்டுவந்து பூட்டியவர்தான் கிரிதரன், சோணையம்மா சொல்கிற மிசின்காரர். சௌராஷ்டிரக்காரர், ஒல்லியான பிள்ளை, கீழவாசல் பக்கம் வீடு. டிவி மாதிரிப் பெட்டி, அதன் தலையில் இரண்டு தீப்பெட்டி அகலத்தில் ஒரு டப்பா. டப்பாவின் முகத்தில் கருஞ்சிவப்புக் கண்ணாடி.

“இதுலருந்து இன்ஃப்ராரெட்டுன்னு ஒரு வெளிச்சம் வரும் பாட்டிம்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அக்கா நெத்தியில ஒரு பொட்டு ஒட்டிட்டா, அந்த வெளிச்சம் பொட்டுல பட்டுத் திரும்பி டப்பாவுக்கே போகும். அக்கா தலை எங்க திரும்புதோ, டிவியில இருக்கிற அம்புக்குறி அங்க போகும். எழுத்து எல்லாம் படமா இருக்கும். எழுத்து மேல அம்பைக் கொண்டுபோய், காலால இந்தக் கட்டையை அமுக்கினா அந்த எழுத்து விழுந்துரும். கையே வேண்டாம்.”

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கம்பியில் ஓடியதும் கண்ணுக்குத் தெரியாததுதானே? அப்படி ஒன்று ஏற்கெனவே என் வீட்டுக்கு வந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. இப்போது இன்னொன்றை இவள் நெற்றிக்கு நேராகக் கொண்டுவந்து வைக்கிறார்.

அந்தப் பொட்டு சாம்பல் நிறத்தில் மிளகளவு இருந்தது. வெயில் பட்டால் பூனைக்கண் மாதிரி ஒளிவிட்டது. கிரிதரன் அதைத் தாளிலிருந்து உரித்து, விரல் நுனியில் எடுத்துக்கொண்டு வாணியின் நெற்றிக்குக் கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பொட்டு தரையில் விழுந்தது.

“என்ன பாட்டிம்மா?”

“ஏப்பா, உனக்கு அக்கா தங்கச்சி இல்ல? ஒரு ஆம்பள ஒரு பொம்பள நெத்தியில பொட்டு வைக்கிறதுன்னா என்னன்னு தெரியாது?”

பாவம், அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, நான் அப்படி நினைக்கல பாட்டிம்மா, இது வெறும் ஸ்டிக்கரு” என்று நாற்காலியை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். வாணி என்னையே பார்த்தாள்.

அப்புறம் யார் வைப்பது? அவளுக்கோ கையில்லை. வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. என் நெற்றியோ முப்பது வருசமாக வெறும் நெற்றி. புருசனைத் தின்றவள் கை, மகனையும் கொடுத்த கை. இந்தக் கை நெற்றியில் பட்டால் இவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். குனிந்து அந்தப் பொட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினேன்.

“அயித்த, கண்ணத் தொறந்து ஒட்டுங்க. புருவத்துல ஒட்டிட்டீங்க” என்றாள் வாணி. அவள் சிரித்து நான் பார்த்தது நாலு வருசத்தில் அன்றைக்குத்தான்.

டிரஸ்டை நடத்துகிற அம்மா பெயர் அலர்மேல்மங்கை. கண்டிப்பான பொம்பளை. அவர் வந்து கணக்காகச் சொல்லிவிட்டார். மிசின் மூன்று மாதம்தான் இங்கே இருக்கும். மூன்றாம் மாதம் மெட்ராஸ் கம்பெனி ஆள் ஒருவரோடு வருவார்கள். அவர்கள் கொடுக்கிற ஒரு பக்கத்தை அரைமணி நேரத்தில், யார் துணையும் இல்லாமல் வாணி அடிக்க வேண்டும். அடித்தால் மெட்ராஸில் வேலை, தங்க விடுதி, அங்கே ஊட்டிவிட, குளிப்பாட்ட ஓர் ஆயா. மிசினும் அவளுக்கே. அடிக்காவிட்டால் மிசின் வேறொருவருக்குப் போகும். வாணிக்கு மறுபடி அதே மூலை, என் கைச் சோறு, அதற்குப் ‘பொறவு’.

தினமும் காலையில் ஒட்டினேன். மிசின் ஓடுகிற நேரமெல்லாம் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உலக்கையோடு நின்றேன். நாற்காலிக் கால் நாலுக்கும் பழைய ரப்பர் செருப்பு. அவள் காலுக்குக் கீழே பலகை. கிரிதரன் வாரம் ஒரு தடவை புதன்கிழமை வருவார். வரும்போதே உலக்கையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று, “பாட்டிம்மா, அது எனக்கா, மிசினுக்கா?” என்பார்.

“வயரு ஏதும் சேட்டை பண்ணுச்சுன்னா வயருக்கு. நீ பண்ணுனா உனக்கு.”

வாணிக்கு முதல் மாதம் பெரும்பாடு. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. ‘ம’ எங்கே என்று தேட வேண்டி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். இல்லாத கையின் தோள் மட்டும் இலேசாகத் துள்ளும். பிறகு, “ஆங், வலது நடு விரலு” என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்புவாள். அந்தத் தோள் துள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் போன விரல்கள் எங்கேயோ உயிரோடு இருந்து பதில் சொல்வதுபோல இருந்தது.

ஜன்னல் வழியே தெருவுக்குத் தெரிந்தது வேறு. தாலி அறுத்தவள் நெற்றியில் மினுமினுவென்று பொட்டு. மாமியார்க்காரி உலக்கையோடு காவல். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள். கால் தட்டுகிறாள். சாமி வந்துவிட்டது என்றாள் ஒருத்தி. பேய் என்றாள் சோணையம்மா.

பேய் என்று அவள் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் அந்த அம்புக்குறி வாணி பேச்சைக் கேட்காது. மற்ற நாளெல்லாம் வளர்த்த நாய் மாதிரி அவள் தலை போகிற பக்கம் போகும். அந்த இரண்டு நாளும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேலே, டிவியின் வலப்பக்கத்து உச்சி மூலைக்கு ஓடிப் போய் நிற்கும். சும்மா நிற்காது. துடித்துக்கொண்டே நிற்கும். அவள் தலையை எத்தனை திருப்பினாலும் இறங்காது.

வாணியின் நாற்காலிக்குப் பின்னால், அவளுக்கு வலப்பக்கமாக, சுவரில் மேலே யார் இருக்கிறார்கள்? சங்கிலி. மாலை போட்ட படத்தில்.

அதைக் கவனித்த அன்று என் கையிலிருந்த உலக்கை நழுவிக் காலில் விழுந்தது. ஜன்னலில் நின்று பார்த்த சோணையம்மா, “மதினி, உன் மகன்தான் இழுக்கிறான். பொண்டாட்டி நெத்தியில பொட்டப் பாத்துட்டான். அவனுக்குப் பொறுக்கல” என்றாள்.

எனக்கு அன்றிரவு காய்ச்சல். பொட்டு வைத்தவள் நான். கோபம் என்றால் அவன் என்னிடமல்லவா வர வேண்டும்? ஆனால் ஒன்று சொல்கிறேன், பேத்தி அதையும் எழுதட்டும். அந்தப் பயத்துக்குள்ளே ஒரு ஆசையும் இருந்தது. அடுத்த செவ்வாய், வாணி எழுந்து அடுப்படிக்குப் போன சமயம், அந்த அம்புக்குறிக்குக் கிட்டே போய், “ராசா, பசிக்குதாய்யா?” என்று கேட்டேன். அது துடித்தது.

கிரிதரனிடம் வாணி சொன்னாள். அவர் புதன்கிழமை வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை. “சாயங்கால வெயில் உள்ள அடிக்குதோ என்னமோக்கா. பொட்டை விட அதிகமா எது மின்னுனாலும் இந்த டப்பா அதைத்தான் பாக்கும்” என்று ஜன்னலுக்குச் சேலை கட்டச் சொன்னார். கட்டினோம். வெள்ளிக்கிழமை அம்புக்குறி மறுபடி மூலைக்கே போனது.

என் மகனைச் சாந்தப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். செவ்வாயும் வெள்ளியும் அவன் படத்துக்கு ஏற்றுகிற ஒரு விளக்கை இரண்டாக்கினேன். அம்பு இன்னும் மோசமாகத் துடித்தது. மூன்றாக்கினேன்.

மெட்ராஸ் ஆள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வேண்டாம், சனிக்கிழமை வரச் சொல்லுங்கள் என்று நான் அலர்மேல்மங்கை அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். “அவருக்கு ராத்திரி பஸ் இருக்கும்மா. முடியாது” என்றுவிட்டார். நான் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆறு மணிக்கு முன்னாலேயே சங்கிலி படத்துக்கு ஐந்து விளக்கு ஏற்றி, “இன்னைக்கு ஒருநாள் விட்டுருய்யா, உன் பொண்டாட்டி பொழச்சுப் போகட்டும்” என்று கும்பிட்டேன். வாணி அப்போது கண்ணை மூடி எழுத்துகளை மனப்பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாணிக்கு எதிரே ஒரு தாளைக் கிளிப் போட்டு நிறுத்தினார்கள். மெட்ராஸ் ஆள் கடிகாரத்தைப் பார்த்து, “ஆரம்பிங்க” என்றார்.

அம்புக்குறி நேராக உச்சி மூலைக்குப் போயிற்று.

வாணி தலையைத் திருப்பினாள். குனிந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பொட்டு வியர்வையில் நழுவியதோ என்று நான் ஓடி அழுத்தினேன். “நீங்க தொடக்கூடாதும்மா” என்றார் அந்த ஆள். கிரிதரன் மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம். ஓர் எழுத்துக்கூட விழவில்லை. அலர்மேல்மங்கை அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

அப்போது வாணி அசையாமல் உட்கார்ந்தாள். அம்புக்குறி துடிப்பதையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். நாலு வருசமாக அந்தப் படத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஐந்து சுடர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“அயித்த, அந்த வெளக்குகளக் குளிர வைங்க.”

“என்னடி சொல்ற?”

“அவுக இல்ல அயித்த அது. வெளக்கு. சுடரு ஆடுற மாதிரியே ஆடுது பாருங்க. டப்பா எம் பொட்ட விட்டுட்டு வெளக்கப் பாக்குது.”

“மாட்டேன்” என்றேன். எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். “எம் மகன் வெளக்க நான் குளிர வைக்க மாட்டேன்.”

யாரும் நெருங்கவில்லை. கிரிதரன் ஓரடி எடுத்து வைத்தார். நான் உலக்கையைத் தூக்கினேன். நின்றுவிட்டார்.

இப்போது யோசித்தால் எனக்கே தெரிகிறது. நான் பயந்தது விளக்கு அணைந்தால் அவன் கோபிப்பான் என்று இல்லை. விளக்கு அணைந்து, அம்பு இறங்கிவிட்டால்? அப்படியானால் இத்தனை செவ்வாயும் வெள்ளியும் வந்தது அவன் இல்லை. நான் ‘பசிக்குதாய்யா’ என்று கேட்டது வெறும் எண்ணெயையும் திரியையும். அன்றைக்கு மொட்டை மாடியில் போனவன் போனவன்தான்.

வாணி கத்தவில்லை. “அயித்த, உங்களுக்குப் பொறவு எனக்கு யாரு ஊட்டுவா?” என்று மட்டும் கேட்டாள்.

விளக்கைப் பூ வைத்து அமர்த்த வேண்டும், பால் தொட்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முக்காலியில் ஏறி, வெறும் விரலால் ஒவ்வொன்றாக நசுக்கினேன். ஒன்று. இரண்டு. திரும்பிப் பார்த்தேன், அம்பு இன்னும் மூலையில். மூன்று. நாலு. ஐந்தாவதுக்குக் கை வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். நசுக்கினேன்.

பின்னால் கட்டை ‘டொக்’ என்றது. அவள் காலால் அமுக்கிய சத்தம். அப்புறம் ‘டொக், டொக்’ என்று ஒரே சீராகக் கேட்டது. நான் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே முக்காலியில் நின்றேன்.

நேரம் முடிந்தது என்றார் அந்த ஆள். ஆறு வரி மிச்சம். நான் முக்காலியை விட்டு இறங்கினேன்.

“சார், வேற தாள் குடுங்க” என்றாள் வாணி. “அந்தப் பத்து நிமிசம் வெளக்குக்குப் போச்சு. இதை முடிக்க விட வேணாம். புதுசாக் குடுங்க. மொதல்லருந்து.”

அவர் அலர்மேல்மங்கை அம்மாவைப் பார்த்தார். “என்னைப் பாக்காதீங்க, அவளைப் பாருங்க” என்றார் அந்த அம்மா. புதுத் தாள் வந்தது. இருபத்தாறு நிமிடத்தில் முடித்தாள். இரண்டு பிழையாம். வெந்தயம் பொரிகிற வேகம் இல்லைதான். அம்மியில் அரைக்கிற வேகம். ஆனால் முடித்தாள்.

அவர்கள் போன பிறகு சங்கிலி படத்தை எடுத்து அடுப்படிச் சுவரில் மாட்டினேன். அங்கே டப்பாவுக்குக் கண் எட்டாது. விளக்கை ஒன்றாகக் குறைத்தேன்.

மெட்ராஸ் போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அப்போதுதான் புதுப் பயம் பிடித்தது. ஊட்ட ஆயா இருக்கிறாள், சரி. பொட்டை யார் ஒட்டுவது? யார் யார் கை அவள் நெற்றியில் படும்? வாணியிடம் கேட்டேன். அன்று முதல் காலையில் நான் ஒட்டப் போனால், “இருங்க அயித்த, தாள மட்டும் உரிச்சு வைங்க” என்று கதவைக் காலால் சாத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ முட்டுகிற சத்தம் கேட்கும். எனக்கு உயிரே போய் வரும்.

அந்தக் காலை வந்தது. அலர்மேல்மங்கை அம்மா தெருமுனையில் ஆட்டோவோடு நின்றார். மாட்டுத்தாவணியிலிருந்து எட்டரைக்குப் பஸ். மெட்ராஸ் வரைக்கும் அவர்தான் கூடப் போனார். கிரிதரன் மிசின் பெட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தன் சைக்கிளில் வேலைக்குப் போனார். சோணையம்மா, உனக்குத்தான் இது, நன்றாகக் கேட்டுக்கொள்.

நான் வாணிக்கு இட்லி ஊட்டி, தலை சீவி, பையைக் குறுக்கே மாட்டிவிட்டேன். “ஒண்ணே ஒண்ணு இன்னைக்கு நான் ஒட்டி விடுறேன் தாயி” என்றேன்.

“பாருங்க” என்றாள்.

தலைவாசல் நிலையில், அவள் நெற்றி உயரத்துக்கு, ஒரு பொட்டு ஒட்டுப்பக்கம் வெளியே தெரியும்படி நின்றது. பல்லால் உரித்து, எக்கி நின்று, நாக்கு நுனி எச்சிலால் நிறுத்தியிருக்கிறாள். குளிக்கும்போது கண்ணாடியில் பொட்டை ஒட்டி வைத்துத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கம் எந்தப் பொம்பளைக்குத்தான் இல்லை? அதைத்தான் கையில்லாமல் செய்யப் பழகியிருக்கிறாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு நிலைக்கு நேராகப் போனாள். கோயில் நிலையில் முட்டிக் கும்பிடுவதுபோல நெற்றியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். நிமிர்ந்தபோது பொட்டு நடுநெற்றியில் இருந்தது.

“நேரா இருக்கா அயித்த?”

“இருக்கு” என்றேன்.

“போயிட்டு வாரேன்.”

வெயில் அப்போதுதான் தெருவுக்குள் வந்திருந்தது. அவள் படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். நெற்றி பளிச்சென்று ஒரு தடவை என் கண்ணில் அடித்தது. எப்போது எடுத்தேனோ, உலக்கை என் கையில்தான் இருந்தது. சுவரில் சாய்க்க எனக்குத் தோன்றவில்லை. அவள் நடந்து போனாள்.